பிள்ளை பிடிகாரன் வந்தது வேனில் அல்ல, நம் போனில்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள். எங்கள் தோட்டத்துப் பெற்றோரும் நம்ம ஊர் ஜமாஅத்தாரும் இரண்டு பக்கமும் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. மூன்றாம் வகுப்பில் 27 பிள்ளைகள். அன்று வந்தது ஒன்பது பேர். மழையும் இல்லை, திருவிழாவும் இல்லை. வந்த பிள்ளைகளிடம் கேட்டேன். "சேர், வேன்ல பிள்ளை புடிக்கிறாங்களாம். அம்மா போக வேணாம்னாங்க" என்றார்கள். அப்போதுதான் விடியற்காலையில் எனக்கும் வந்திருந்த அந்த வொய்ஸ் கட் நினைவுக்கு வந்தது. உங்களில் அதிகமானோர் கேட்டிருப்பீர்கள். ஒரு பெண் அழுதுகொண்டே பேசுவார். புடவை விற்கிற மாதிரி, சாமான் விற்கிற மாதிரி வருவார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவார்கள், தோட்டப் பக்கம் கவனமாக இருங்கள் என்பார். எந்தத் தோட்டம், எந்தத் திகதி, எந்தப் பொலிஸ், ஒன்றும் இல்லை. "நம்ம தோட்டத்துப் பக்கம்" என்று மட்டும்தான் இருந்தது. அதனால் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் அது அந்தத் தோட்டத்துக் கதை.

அதே வாரம் புதன்கிழமை கீழ் லயத்துக்கு நம்ம புடவைக்கார நானா போயிருக்கிறார். இருபது வருடமாகத் தவணைக்குப் புடவை கொடுக்கிற மனிதர். பத்துப் பதினைந்து வாலிபர்கள் சுற்றி வளைத்து, மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, போனைப் பறித்து, "யார் அனுப்பினது?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு அடியும் விழுந்திருக்கிறது. பால் வெட்டிவிட்டு வந்த ஒரு அம்மா இடையில் புகுந்து, "இந்த பாய்க்கிட்டதான்டா ஒங்க அம்மாவுக்கே கல்யாணச் சீலை எடுத்தோம்" என்று சத்தம் போட்டதால் அன்றைக்கு அதோடு முடிந்தது. அந்த அம்மா அன்று வேலையிலிருந்து தாமதமாக வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. 2018 ஜூலை 1ஆம் திகதி இந்தியாவில், மகாராஷ்டிராவின் துலே மாவட்டம் ரெயின்பாடா கிராமத்தில் இதே பிள்ளை பிடிக்கிற கதையை நம்பி ஐந்து பேரை அடித்தே கொன்றார்கள். அவர்களும் ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கிறவர்கள்தான்.

நான் சும்மா இருக்கவில்லை. அந்த வொய்ஸ் கட்டைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். எனக்கு அனுப்பியவர், அவருக்கு அனுப்பியவர் என்று ஐந்து பேர் வரை போக முடிந்தது. ஐந்தாவது ஆள் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிற நம்ம தோட்டத்துப் பொடியன். அவனுக்கு வந்தது வேறு மாவட்டத்துக் குரூப் ஒன்றிலிருந்து. அதோடு தடம் நின்றுவிட்டது. ஐந்து பேரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "நீங்கள் நம்பினீர்களா?" ஒருவர்தான் முழுதாக நம்பியிருந்தார். மற்ற நாலு பேரின் பதிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: "பொய்யா இருந்தா இருந்துட்டுப் போவுது சேர். உண்மையா இருந்தா பிள்ளைக போயிருமே."

இந்த வசனத்தைத்தான் ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். வதந்தி பரப்புகிறவன் கெட்டவன், அல்லது முட்டாள் என்று நாம் பேசுகிறோம். இவர்கள் இரண்டும் இல்லை. பிள்ளை மீது பாசம், பக்கத்து வீட்டுப் பிள்ளை மீதும் பாசம். அனுப்புவதற்குச் செலவு ஒன்றும் இல்லை, அனுப்பாமல் விட்டால் பிறகு பழி வரலாம் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அதில் புடவைக்கார நானா இல்லை. செலவை அவர் கட்டினார்.

ஹார்வர்டில் உளவியல் கற்பித்த கோர்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மனும் 1947ல், இரண்டாம் உலகப் போர்க் காலத்து வதந்திகளை வைத்து ஒரு நூல் எழுதினார்கள். விஷயம் நமக்கு முக்கியமானதாகவும் இருக்க வேண்டும், தெளிவில்லாததாகவும் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் வதந்தி ஓடும் என்பது அவர்கள் கருத்து. போன் இல்லாத காலத்தில் சொன்னது. நம்ம லயத்துக்கு அப்படியே பொருந்துகிறது. பிள்ளையை விட முக்கியமானது என்ன இருக்கிறது? தாய் காலையில் மலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறாள். பிள்ளை ஸ்கூலுக்குப் போனதா, வந்ததா என்று இடையில் தெரிந்துகொள்ள வழியில்லை. முறைப்பாடு கொடுக்கப் போனால் பொலிஸில் தமிழில் பேச ஆள் இருப்பாரா என்பதும் நிச்சயமில்லை. அந்தத் தெளிவில்லாத இடத்தில் வொய்ஸ் கட் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்த இடத்தில் "படிக்காத தோட்டத்துச் சனம், எதையும் நம்பும்" என்று தலையாட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2020 டிசம்பரை மறந்துவிட்டீர்களா? நம்ம கேகாலை மாவட்டத்து ஹெட்டிமுல்லையில், கொரோனாவுக்கு மருந்து என்று தம்மிக்க பண்டார ஒரு பாணியைக் கொடுத்தார். தேனும் சாதிக்காயும் கலந்தது, காளி அம்மன் சொல்லித் தந்தது என்றார். கூட்டம் கூடக்கூடாது என்ற காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வரிசையில் நின்றார்கள். காரில் வந்தவர்கள் நிறையப் பேர். அன்று நம்ம இரத்தினபுரி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினராகவும் சுகாதார அமைச்சராகவும் இருந்த பவித்ரா வன்னியாராச்சி கெமராவுக்கு முன்னால் அதைக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கே கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார்.

எங்கள் வீட்டு மேசையிலும் ஒரு போத்தல் இருந்தது. கொண்டுவந்து தந்தவர் விஞ்ஞானப் பாடம் படிப்பிக்கிறவர். யார் சொல்லித் தந்த மருந்து என்பதையெல்லாம் மறந்து, பிஸ்மி சொல்லி ஒரு கரண்டி நானும் குடித்தேன். ஏன் குடித்தேன்? நம்பியதாலா? இல்லை. எல்லோரும் குடிக்கிறார்கள், அமைச்சரே குடிக்கிறார், குடித்தால் என்ன என்ற நினைப்புதான். "பொய்யா இருந்தா இருந்துட்டுப் போவுது" என்று அந்த நாலு பேர் சொன்னதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை காலை, வொய்ஸ் கட்டைக் கேட்டு இது பொய் என்றுதான் நினைத்தேன். யாருக்கும் அனுப்பவும் இல்லை. ஆனால் வழக்கமாக நடந்து போகிற என் மகளைத் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு போய் அவளது ஸ்கூல் வாசலில் விட்டேன். ரோட்டில் நின்ற இரண்டு தாய்மார் அதைப் பார்த்திருக்கிறார்கள். பிறகு ஒருவர் என்னிடமே சொன்னார்: "சேரே பிள்ளைய வீல்ல கொண்டு போறாரு, அப்ப விஷயம் உண்மைதான்னு நெனச்சோம்." செய்தியை நான் பரப்பவில்லை. என் நடத்தை பரப்பிவிட்டது.

2022ல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு இது விளங்கும். செட்டுக்குப் பக்கத்தில் நாலு பேர் கேனோடு நின்றால் போதும், பவுசர் வருகிறது என்று அர்த்தம். அந்த நாலு பேரும் வேறு யாரோ நின்றதைப் பார்த்து நின்றவர்கள். பின்னால் நூறு பேர் சேர்ந்த பிறகு, பவுசர் வராது என்று செட் முதலாளி சொன்னாலும் யாரும் நகர மாட்டார்கள். இத்தனை பேர் சும்மாவா நிற்கிறார்கள்?

இன்னொன்று, புதினம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஓடிய ஏறத்தாழ 126,000 செய்தித் தொடர்களை ஆராய்ந்து 2018ல் வெளியிட்டார்கள். உண்மையை விடப் பொய் மறுபகிர்வு செய்யப்படும் வாய்ப்பு 70 வீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் தேவைப்பட்டது. இதற்குக் காரணம் இயந்திரக் கணக்குகள் அல்ல, மனிதர்களே என்றார்கள். பொய்ச் செய்தியில் புதுமை அதிகம், அது ஆச்சரியத்தையும் அருவருப்பையும் கிளப்புகிறது. "இன்று எல்லாப் பிள்ளைகளும் பத்திரமாக வீடு வந்தார்கள்" என்று யாராவது வொய்ஸ் கட் போடுவார்களா? போட்டால்தான் யார் அனுப்புவார்கள்?

நம்ம ஜமாஅத்தாருக்கு ஒரு வார்த்தை. வதந்தியின் விலை என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறியில் கிடந்த கட்டியைக் காட்டி மலட்டு மாத்திரை என்றார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத ஒருவரைப் பயமுறுத்தி ஆமாம் சொல்ல வைத்து வீடியோ எடுத்தார்கள். அது பேஸ்புக்கில் நாடு முழுக்க ஓடியது. அது மாவுக் கட்டிதான் என்று அரச பகுப்பாய்வாளர் அறிக்கை வருவதற்குள் திகன, தெல்தெனிய பக்கமெல்லாம் எரிந்து முடிந்திருந்தது. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் ஒரு வாரம் மூடியது. 2020 மே மாதம்தான் பேஸ்புக் நிறுவனம் தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது. மாவனெல்லைக்காரர்களுக்கு 2001 மே மாதமும் ஞாபகம் இருக்கும். அப்போது பேஸ்புக்கே இல்லை.

இவ்வளவும் பட்ட நாம், 2021ல் தடுப்பூசி வந்தபோது என்ன செய்தோம்? ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்ற வீடியோவை நம்ம குரூப்களில்தான் நான் முதலில் பார்த்தேன். நமக்கு எதிராகச் சொன்ன அதே மலட்டுக் கதையை நாமே கைமாற்றினோம். அது லயங்களுக்கும் போனது. அங்கே அது இன்னும் ஆழமாக இறங்கியது. காரணமில்லாமல் இல்லை. காசு கொடுத்துத் தோட்டத்துப் பெண்களுக்குக் கருத்தடை செய்த காலத்தை அனுபவித்த பாட்டிமார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். உண்மையில் ஒரு காலத்தில் நடந்த அநியாயத்தின் மேல் நட்டுவைத்த பொய் சீக்கிரம் வேர் பிடிக்கும். அப்படிப்பட்ட ஒரு பாட்டியிடம் போய் "அறிவில்லையா?" என்று கேட்டால் அவர் நம்மைத்தான் நம்ப மாட்டார். அந்த நாட்களில் எங்கள் தோட்டத்தில் மிட்வைஃப் மிஸ்ஸி வீடு வீடாகப் போய், முதலில் பழைய கதையைக் கேட்டு, பிறகுதான் ஊசியைப் பற்றிப் பேசினார். போட்டவர்களின் எண்ணிக்கை அதற்குப் பிறகுதான் கூடியது.

செய்தி வந்தால் விசாரிக்கச் சொல்லும் ஹுஜுராத் ஸூராவின் ஆறாவது வசனத்தை அழகான படமாகச் செய்து ஒவ்வொரு வெள்ளியும் குரூப்பில் போடுகிற ஒரு சகோதரர் இருக்கிறார். அந்த வொய்ஸ் கட்டை எனக்கு அனுப்பியவரும் அவர்தான். கோபிக்க மாட்டார், இதை எழுத அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

சரி, என்ன செய்வது? சட்டம், பொலிஸ், கம்பனி எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம்ம கையில் உள்ளதைச் சொல்கிறேன். வட்ஸ்அப்பில் ஒரு மெசேஜுக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது ஏற்கனவே ஐந்து கைக்கு மேல் மாறி வந்தது என்று அர்த்தம். அனுப்பியவருக்கே அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. 2020 ஏப்ரலில் அப்படியான மெசேஜ்களை ஒரு தடவையில் ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்று கட்டுப்படுத்திய பிறகு, அவை பரவுவது 70 வீதம் குறைந்ததாக வட்ஸ்அப் நிறுவனமே சொன்னது. மனிதர்கள் மாறவில்லை, விரலுக்குக் கொஞ்சம் வேலை கூடியது, அவ்வளவுதான். ஆகவே நானும் ஒரு சின்னத் தடையைத்தான் கேட்கிறேன். எங்கே, எப்போது, யார் பார்த்தது என்ற மூன்றும் இல்லாத எச்சரிக்கையைக் குரூப்பில் போடுவதற்கு முன் அட்மினுக்கு மட்டும் அனுப்புங்கள். அட்மின் ஒரு கோல் எடுத்துக் கேட்கட்டும். மண்சரிவு, வெள்ளம் என்றால் இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு 117 அடிக்கலாம். ஒவ்வொரு மழைக்கும் 2017 மே மாத வெள்ளத்து வீடியோவை "இப்போது இரத்தினபுரி" என்று போட்டுப் போட்டு, உண்மையான எச்சரிக்கை வரும்போது லயத்தை விட்டு யாரும் எழும்பாத நிலை வந்துவிடக்கூடாது. அரநாயக்கவில் 2016 மே 17 அன்று மலை இறங்கியது நமக்கு இரண்டு மலை தள்ளித்தான்.

பொய் என்று தெரிந்த பிறகு சும்மா அழித்துவிட்டுப் போகவும் வேண்டாம். எங்கே போட்டோமோ அங்கேயே "நான் அனுப்பியது பிழை" என்று போட வேண்டும். இதுதான் கஷ்டம். அந்த ஐந்து பேரில் மூன்று பேர் போட்டார்கள். இரண்டு பேருக்கு வெட்கம். அவர்களைக் குரூப்பில் வைத்து அவமானப்படுத்தாதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த முறை ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

புடவைக்கார நானா இப்போது லயத்துக்குள் வருவதில்லை. மெயின் ரோட்டு வாகை மரத்தடியில் நின்று தவணைக்காசு வாங்கிக்கொண்டு போகிறார். அவரை அடித்த பொடியன் என்னிடம் படித்தவன். போன ஞாயிறு அவனைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. நானாவின் மனைவி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தோம். திரும்ப லயத்துக்கு வருவீர்களா என்று கேட்டேன். "பார்ப்போம் சேர்" என்றார்.

வருகிற சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஸ்கூலில் பெற்றோர் கூட்டம். போனைக் கையோடு கொண்டுவாருங்கள். அந்த இரட்டை அம்பு எங்கே இருக்கிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் காட்டித் தருவார்கள். தாய்மாருக்கு அன்று மலைக்கு வேலை என்றால், பின்னேரம் கோயிலடியில் இன்னொரு தடவை வைக்கிறோம்.