கைப்பேசிக்கு வயதாவது எதனால்?

ஒரு பொருள் பழையதாகிவிட்டது என்று எப்போது சொல்கிறோம்? மிதிவண்டியின் சங்கிலி தேய்கிறது. செருப்பின் அடிப்பாகம் ஓட்டையாகிறது. மின்விசிறியின் பேரிங் இரைச்சலிடுகிறது. இங்கெல்லாம் உராய்வுதான் பொருளைத் தேய்க்கிறது. ஆனால் ஸ்மார்ட்போனை நான்கைந்து ஆண்டுகளில் ஒதுக்கி வைத்துவிடுகிறோமே, அதில் தேய்ந்தது எது?

அதன் உள்ளே பார்ப்போம். கணக்கிடும் சில்லில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அசையும் உறுப்பு எதுவும் அவற்றில் இல்லை. நினைவகச் சில்லில் எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு என்றாலும், சாதாரணப் பயன்பாட்டில் அந்த எல்லையை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். உண்மையில் விரைவாக மூப்படைவது லித்தியம் அயனி பாட்டரிதான். சில நூறு முறை மின்னேற்றிய பின் அதன் கொள்ளளவு குறைகிறது. ஆனால் பாட்டரியை மாற்றிக்கொள்ளலாம். அப்படியிருந்தும் பல கைப்பேசிகள் பயனற்றுப் போவதேன்? அவற்றின் மென்பொருளுக்குத் திருத்தங்கள் வருவது நின்றுவிடுகிறது. பாதுகாப்புக் குறைகள் அப்படியே இருக்கின்றன. புதிய செயலிகள் ஏற மறுக்கின்றன. ஆகவே கைப்பேசிக்கு வயதாவது பெரும்பாலும் இயற்பியல் விதியால் அன்று. மனிதர் எடுத்த முடிவால்தான்.

இதே வயதுடைய மேசைக் கணிப்பொறியின் கதை வேறு. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் ஒரு கெர்னலை எழுதி வெளியிட்டார். கெர்னல் என்பது வன்பொருளையும் மற்ற நிரல்களையும் இணைத்து ஆளும் மையநிரல். அதைக்கொண்டு வளர்ந்ததே லினக்ஸ் இயங்குதளம். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். பத்தாண்டு பழைய மேசைக் கணிப்பொறியிலும் இன்றைய லினக்ஸை நிறுவி வேலை வாங்க முடிகிறது. அப்படியானால் அதே லினக்ஸைப் பழைய கைப்பேசியிலும் ஏற்றிவிட்டால் என்ன?

ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான் என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். பிறகு சிக்கல் எங்கே வருகிறது?

மேசைக் கணிப்பொறியில் பி.சி.ஐ., யு.எஸ்.பி. இணைப்புகளில் செருகப்படும் கருவிகள் தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. ‘நீ யார்?’ என்று கெர்னல் கேட்கும். தயாரித்த நிறுவனத்துக்கு ஓர் எண், கருவிக்கு ஓர் எண் என இரண்டு 16-பிட் எண்கள் விடையாக வரும். உடனே கெர்னல் அதற்குரிய டிரைவர் நிரலைப் பணியில் அமர்த்தும். வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பது போன்றது இது.

கைப்பேசியில் தொடுதிரை, ஒளி உணரி, முடுக்கமானி போன்ற உறுப்புகள் பெரும்பாலும் ஐ-டூ-சி எனப்படும் இரண்டு கம்பி இணைப்பில் கோக்கப்பட்டுள்ளன. அங்கே ஒவ்வோர் உறுப்புக்கும் 7-பிட் முகவரி உண்டே தவிர, பெயர் சொல்லும் வழக்கம் இல்லை. எந்த முகவரியில் எந்த உறுப்பு உள்ளது, அதற்கு எத்தனை வோல்ட் தரவேண்டும், எந்த இணைப்பு வழியே அது கெர்னலை அழைக்கும் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். இக்குறிப்பேட்டுக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். ஒவ்வொரு மாதிரிக் கைப்பேசிக்கும் தனிக் குறிப்பேடு வேண்டும். வோல்ட் அளவு தவறினால் உறுப்பே கெட்டுவிடலாம்.

சில்லு நிறுவனம் ஏதோ ஓர் ஆண்டின் கெர்னலை எடுத்துத் தனக்கேற்ப மாற்றுகிறது. கைப்பேசி நிறுவனம் அதை மேலும் மாற்றுகிறது. உரிம விதிப்படி அந்த மூலநிரலை வெளியிடவேண்டும். ஆனால் அந்த மாற்றங்களில் பல பொதுக் கெர்னலில் சேர்க்கப்படாமல் பழைய பதிப்போடு நின்றுவிடுகின்றன.

மற்றொரு தடை ஆற்றல். 4,000 மில்லியாம்பியர்-மணி பாட்டரியை 3.8 வோல்ட்டால் பெருக்கினால் 15.2 வாட்-மணி கிடைக்கிறது. மேசைக் கணிப்பொறிக்கென எழுதிய நிரல்கள் ஓய்வின்றி 2 வாட் வீதம் இழுத்தால், 8 மணி நேரத்துக்குள் கைப்பேசி அணைந்துவிடும். எனவே லினக்ஸுக்கு நன்றாகத் தூங்கவும், அழைப்பு வந்தவுடன் விழிக்கவும் கற்றுத்தர வேண்டியுள்ளது. சுட்டியின் முனைக்கு அளவாகச் செய்த பொத்தான்களை விரல் நுனிக்கு ஏற்பப் பெரிதாக்கவும் வேண்டும்.

இத்தனை தடைகளையும் மீறி முயல்வோர் உள்ளனர். உபுண்டு லினக்ஸை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் தன் கைப்பேசித் திட்டத்தை 2013-இல் அறிவித்து 2017-இல் கைவிட்டது. யு.பி.போர்ட்ஸ் தன்னார்வலர்கள் அதை ஏற்று நடத்துகிறார்கள். ஆண்ட்ராய்டுக்கென வந்த கெர்னலையும் டிரைவர்களையும் அப்படியே வைத்துக்கொண்டு மேலே லினக்ஸை அமர்த்துவது அவர்கள் பெரும்பாலும் கையாளும் வழி. 2017-இல் வெளிவந்த போஸ்ட்மார்க்கெட் ஓ.எஸ். திட்டமோ, கைப்பேசிக்குப் பத்தாண்டு வாழ்நாள் வேண்டும் என்ற குறிக்கோளுடன், இயன்றவரை பொதுக் கெர்னலிலேயே ஒவ்வொரு மாதிரியையும் சேர்க்க முயல்கிறது. 2009-இல் வெளிவந்த, 256 மெகாபைட் நினைவகமே உடைய நோக்கியா என்-900 கூட அதில் இடம்பெற்றது. முதல் வழி விரைவானது. இரண்டாவது வழி நீடித்து நிற்பது.

குறைகளையும் சொல்லவேண்டும். பல மாதிரிகளில் கேமரா சரிவர இயங்குவதில்லை. சிலவற்றில் அழைப்பு வசதியே இல்லை. சில வங்கிச் செயலிகள் ஏற மறுக்கும். ஆனால் இக்குறைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தன்னார்வலரின் திறமைக் குறைவு காரணம் அன்று. கைப்பேசியைச் செய்தவர் அறிந்த விவரங்களை, அவர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்துச் சோதித்து மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

எனவே என் கருத்து இதுதான்: ஒரு மாதிரிக்குத் திருத்தம் தருவதை நிறுத்தும் நாளில், நிறுவனம் இரண்டைப் பயனரிடம் ஒப்படைக்கவேண்டும். ஒன்று சாவி, அதாவது பூட்லோடர் எனப்படும் தொடக்க நிரலின் பூட்டைத் திறக்கும் வழி. மற்றொன்று வரைபடம், அதாவது அந்தக் கைப்பேசியின் வன்பொருள் விவரம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்துள்ள விதிகள் மென்பொருள் திருத்தங்கள் கிடைக்கும் ஆண்டுகளைக் கூட்ட முயல்கின்றன. நல்ல செயல்தான். ஆனால் ஆண்டுகளைக் கூட்டுவது முடிவைத் தள்ளிப்போடுமே தவிர நீக்காது.

‘பூட்டைத் திறந்தால் திருடர்களுக்கு வசதியாகிவிடும், ரேடியோ அலை விதிகள் மீறப்படும்’ என்பது நிறுவனங்களின் தரப்பு. இதைப் புறக்கணிக்க முடியாது. ஆனால் உரிமையாளர் கடவுச்சொல் தந்த பிறகே பூட்டு திறக்கும்படியும், திறந்தவுடன் பழைய தகவல்கள் அழியும்படியும் செய்யமுடியும். இன்றும் பல கைப்பேசிகளில் பூட்டைத் திறந்தால் தகவல்கள் அழிந்துவிடுகின்றன. ரேடியோ பகுதி பெரும்பாலும் தனிச் செயலகத்தில், தனி நிரலில் இயங்குகிறது. அந்த நிரல் மூடியே இருக்கட்டும். அதனோடு பேசும் முறையை மட்டும் சொன்னால் போதும்.

2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே. கைப்பேசி இம்மலையில் சிறு பகுதிதான். எனினும் கையளவு கைப்பேசியைச் செய்யப் பல உலோகங்களைத் தோண்டவும் மிகுந்த ஆற்றலைச் செலவிடவும் வேண்டும். கைப்பேசியாக ஓய்வுபெற்ற ஒன்று, நிரல் எழுதிப் பழகவோ, ஆய்வகத்தில் வெப்பநிலையைப் பதிவு செய்யவோ மேலும் சில ஆண்டுகள் உழைக்கலாமே!

ஓர் எச்சரிக்கை. வீட்டார் நாள்தோறும் பயன்படுத்தும் கைப்பேசியில் இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள். உப்பிய பாட்டரி உள்ள கைப்பேசியைத் தொடவே வேண்டாம். நீங்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. புதுக் கைப்பேசி வாங்கக் கடைக்குப் போகையில், கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு நில்லாமல், திருத்தங்கள் எத்தனை ஆண்டுக்கு வரும், அதன்பின் பூட்டைத் திறக்கலாமா என்றும் கேளுங்கள். கடைக்காரருக்கு விடை தெரியாமல் இருக்கலாம். பலரும் கேட்கத் தொடங்கினால் அவர் நிறுவனத்திடம் கேட்டே தீரவேண்டியிருக்கும்.