எரி நட்சத்திரமும் நமது பயமும்

பூதலூர்ப் பக்கம் களத்து மேட்டில் இராக்காவல் படுத்திருக்கும் தோழர்கள், எரி நட்சத்திரம் விழக் கண்டவுடன் "பச்சை மரத்தைப் பார்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதை நாம் கேட்டிருக்கின்றோம். வால் நட்சத்திரம் தோன்றினால் அரசனுக்கு ஆகாது என்பதாகவும் சொல்லுவார்கள். இப்பயம் நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதல்ல. 1833-ம் வருஷம் நவம்பரில் அமெரிக்காவில் எரி நட்சத்திரங்கள் மழைபோல் பொழிந்தபோது, அங்கும் அனேகர் உலக முடிவு வந்துவிட்டதென்று அழுது தொழுதார்கள்.

ஆனால் சிலர் அழாமல் கவனித்தார்கள். அவையெல்லாம் சிம்ம ராசியில் ஒரே இடத்திலிருந்து வருவதுபோல் தோன்றுவதைக் குறித்துக்கொண்டார்கள். 1866-ல் மறுபடியும் பொழிந்தது. அதே சமயத்தில் கண்டுபிடிக்கப்பட்ட டெம்பல்-டட்டில் என்னும் வால் நட்சத்திரம் சுமார் 33 வருஷத்திற்கொரு முறை சூரியனண்டை வருகின்றதென்றும், அதன் பாதையும் இவற்றின் பாதையும் ஒன்றே என்றும் கணக்கில் வெளியாயிற்று.

விஷயம் இதுதான். ஓட்டைச் சாக்கில் நெல் ஏற்றிய வண்டி வழி நெடுகச் சிந்துவதுபோல, அவ்வால் நட்சத்திரம் வருந்தோறும் தூசியைச் சிந்திப் போகின்றது. ஒவ்வொரு நடைக்கும் ஒவ்வொரு தடம். அத்தடத்தைப் பூமி கடக்கும்போது, பெரும்பாலும் கடுகினும் சிறிய அத்தூசிகள் விநாடிக்கு 71 கிலோ மீட்டர் வேகத்தில் காற்றில் பாய்ந்து, சுமார் 100 கிலோ மீட்டர் உயரத்திலேயே எரிந்துபோகின்றன. எனவே விழுவது நட்சத்திரமே அல்ல. அதற்கு நம் வீட்டுச் சாவும் தெரியாது, பிறப்பும் தெரியாது.

நிற்க, விஞ்ஞானிகள் தவறவே இல்லையா என்றால், தவறினார்கள். 1899-ல் பெருமழை வருமென்று உலகம் காத்திருந்தது, வரவில்லை. வியாழனும் சனியும் தூசியை இழுத்து விலக்கிவிட்டன. அதற்காக அவர்கள் பரிகாரம் செய்யச் சொல்லவில்லை; கணக்கைத் திருத்தினார்கள். பின்னாளில் மக்நாட், ஆஷர் என்ற இருவர் ஒவ்வொரு நடையின் தடத்தையும் தனித்தனியே கணக்கிட்டு, 1999 நவம்பர் 18-ந் தேதி பொழியும் நேரத்தை முன்கூட்டியே குறித்தார்கள். சில நிமிஷ வித்தியாசத்தில் அது பலித்தது. பொழிந்ததும் அந்த 1899-ம் வருஷத்து நடையில் சிந்திய தூசியே! இந்திய நேரப்படி அப்போது காலை ஏழரை மணி, நமக்கு விடிந்துவிட்டது. ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் கண்டார்கள்.

பஞ்சாங்கக்காரர் கிரகணத்துக்கு நேரம் குறிப்பதும் கணக்குத்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன் பக்கத்தில் எழுதும் பலனுக்குக் கணக்கு எங்கே? அது தவறியபோது திருத்தியது எப்போது? என்றுதான் கேட்கின்றோம்.

தோழர்களே! நாம் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். கார்த்திகைத் தொடக்கத்தில், நவம்பர் 17, 18 தேதிகளில், மழை மேகம் விலகுமானால் நடு இரவுக்குப் பின் கிழக்கே பாருங்கள். பெருமழை எல்லா வருஷமும் இல்லை; மணிக்குப் பத்துப் பதினைந்து தென்படலாம். அப்போது பச்சை மரத்தைத் தேடாமல், பிள்ளைகளை எழுப்பிக் காட்டுங்கள்.