ரேடியோவைக் கையுறையோட சோதிச்சுப் பாருங்கோ

2022 ஜூலை 8 ஞாபகம் இருக்கா? கனடாவில ஒரு பெரிய நெட்வொர்க் விழுந்து போன், இன்டர்நெட், டெபிட் கார்ட் எல்லாம் படுத்த வெள்ளிக்கிழமை. கன பேரால 911-க்குக் கூட எடுக்க முடியேல்ல. அதை நினைச்சுத்தான் பலர் கேக்கிறது: "கையில வைச்சிருக்க எந்த ஹாம் ரேடியோ நல்லது?"

ரிவியூக்கள் வாட்ஸைத்தான் பேசும். கையடக்க செட்டுகள் அநேகமா 5 வாட்ஸ். அதை 10 ஆக்கினாலும் மற்றப் பக்கத்தில கூடுறது 3 டெசிபல்தான். நல்ல ஆன்டெனாவும் உயரமான இடமும் அதைவிடக் கூடத் தரும்.

நான் பார்க்கிறது மூண்டு விஷயம். ஜனவரிக் குளிர்ல, கையுறை போட்டபடி சேனல் மாத்த ஏலுமா? கம்ப்யூட்டர் இல்லாமல், கீபேடிலயே புது ரிப்பீட்டரைப் போட ஏலுமா? டவுன்டவுன் டவர்களுக்கு நடுவில தெளிவாக் கேக்குதா? மலிவான பல செட்டுகள் இந்த மூண்டாவதிலதான் தோற்கும். பக்கத்துப் பெரிய சிக்னல் மெல்லிய குரலை விழுங்கிடும்.

ஆனால் எவ்வளவு நல்ல செட் எண்டாலும் லாச்சிக்குள்ள கிடந்தால் பிரயோசனம் இல்லை. முதல்ல பேசிக் லைசன்ஸ் எடுங்கோ: 100 கேள்வி, 70 சரி எண்டால் பாஸ். வீட்டில இன்னொருத்தரையும் எடுக்க வையுங்கோ. பிறகு கிழமைக்கு ஒருக்காவது கதையுங்கோ. சும்மா நாளில பழகாத ரேடியோ, அந்தரத்தில கை குடுக்காது.