மூக்கடைத்த பிள்ளையைத் தூங்கவைக்க...

கோடியக்கரையில் ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்று திரும்பிவிடும். மீன்பிடி சீசனுக்காக வெளியூர்ப் படகுகள் வந்து தங்கும். கூடவே வீட்டுக்கு வீடு குழந்தைகளுக்குச் சளியும் வந்துவிடும்.

அப்படியொரு வீட்டை நினைத்துப் பாருங்கள். இரவு 11 மணி. ஒன்றரை வயதுப் பிள்ளை. தூளியில் போட்டால் ஐந்து நிமிடம்தான். மூக்கு அடைத்துக்கொண்டு வீறிட்டு எழுகிறது. "ரெண்டு சொட்டு எண்ணெயைக் காய்ச்சி மூக்குல விடு, தெறந்துக்கும்" என்கிறார் மாமியார். மருமகளின் கண்ணோ அலமாரியில் இருக்கும் பாட்டில் மீது. மூத்த பிள்ளைக்குப் போன மாதம் வாங்கிய சளி மருந்து, பாதி மிச்சம் இருக்கிறது. கொஞ்சம் கொடுத்தால் சின்னது அசந்து தூங்குமே!

இரண்டுமே வேண்டாம்.

முதலில் அந்த பாட்டில். சளிக்குக் காரணம் வைரஸ். அது ஒரு வாரம், பத்து நாளில் தானாகச் சரியாகும். சிரப் அதைச் சீக்கிரம் விரட்டாது. சில சிரப்புகளில் உள்ள மருந்து குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தும், மூச்சையும் மந்தமாக்கலாம். குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் இரண்டும் கலந்த மருந்தை 4 வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அவர்கள் குடித்த 'கோல்ட்ரிஃப்' சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்ததைத் தமிழக அரசின் பரிசோதனை காட்டியது. அதன்பின், 2 வயதுக்குள் இருமல், சளி மருந்துகளை எழுதவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. 5 வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது.

அடுத்தது எண்ணெய். மூக்கில் விடும் எண்ணெய் வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குள் இறங்கினால், அங்கேயே தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். விரலி மஞ்சளைச் சுட்டுக் காட்டும் புகை, சாம்பிராணி, கொசுவத்தி எல்லாமே வீங்கிய மூக்கை இன்னும் எரிச்சலாக்கும். கொசுவுக்கு வலை கட்டுங்கள். கற்பூரமும் கற்பூரம் கலந்த தைலமும் 2 வயதுக்குள் வேண்டாம். கற்பூரத்தை வாயில் போட்டுவிட்டால் வலிப்பே வரலாம். கொதிநீரில் ஆவி பிடிக்கவைத்து வெந்துபோன குழந்தைகளும் உண்டு.

அப்படியானால் என்னதான் செய்வது?

குழந்தையின் மூக்குத் துவாரம் குறுகல். படுத்ததும் உள்ளே வீக்கம் கூடும். சிந்தவும் தெரியாது. ஆகவே மூக்கைச் சுத்தம் செய்துவிட்டாலே பாதித் தூக்கம் வந்துவிடும். அதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். மருந்தின் பெயராக 'சோடியம் குளோரைடு' மட்டும் இருக்க வேண்டும். சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் என்று இருந்தால் வாங்காதீர்கள்; அவை வேறு மருந்துகள், பாட்டில் மட்டும் ஒரே மாதிரி இருக்கும். வேதாரண்யம் பக்கம் திரும்பிய இடமெல்லாம் உப்பளம்தான் என்றாலும், உப்பை வீட்டில் கரைத்து விட வேண்டாம். அளவு கூடினால் எரியும். தண்ணீரில் கிருமியும் இருக்கலாம்.

பால் கொடுப்பதற்கும் தூங்கவைப்பதற்கும் கால் மணி நேரம் முன்னால், குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து மூக்குக்கு 2 சொட்டு விடுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் கழித்து, இளகி வரும் சளியை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். தேவைப்பட்டால் மூக்குச் சளி உறிஞ்சும் ரப்பர் பல்பை மெதுவாகப் பயன்படுத்தலாம். வாயால் ஊதி எடுப்பது வேண்டாம்.

தூளியில் உடல் வளைந்து மோவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சுப்பாதை நெருங்கும். சளி தீரும்வரை பாயிலோ கட்டிலிலோ சமமாகப் படுக்கவையுங்கள். தலைக்கு உயரமாகத் தலையணை வேண்டாம். அழுதால் சற்று நேரம் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொள்ளலாம். ஃபேன் காற்று நேராக முகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால், வெதுவெதுப்பான தண்ணீர், கஞ்சி என்று கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். இருமல் இருந்தால், 1 வயது முடிந்த குழந்தைக்கு அரை டீஸ்பூன் தேன் தரலாம். 1 வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

தூங்கும் குழந்தையின் சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 1 முதல் 5 வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் (2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50) உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலமாவது, பால்கூடக் குடிக்காமல் துவள்வது, வலிப்பு ஆகிய எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கோடியக்கரையிலிருந்து வேதாரண்யம் அரசு மருத்துவமனைக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அதனால் உடனே 108-ஐ அழையுங்கள். காய்ச்சல் 3 நாளைத் தாண்டினாலும், காதைப் பிடித்து அழுதாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், உள்ளே பாசிமணியோ புளியங்கொட்டையோ சிக்கியிருக்கலாம்.

அந்த வீட்டு மாமியார் சொன்னதும் பேரன்மேல் உள்ள பாசத்தில்தான். "அத்தை, நீங்க புள்ளைய மடியில வச்சுக்குங்க, நான் சொட்டு விடறேன்" என்று மருமகள் கேட்டால் மறுக்கமாட்டார். மிச்சமிருக்கும் அந்த சிரப்பை மட்டும் காலையில் முதல் வேலையாகக் கொட்டிவிட வேண்டும்.