சாட்சிகள் மறையுமுன்

நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாம் 1945 ஜனவரி 27ந் தேதி விடுவிக்கப்பட்டு எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. அறுபது லட்சம் யூதர்கள் கொன்றொழிக்கப்பட்ட அக்கொடுமைக்குத் தப்பியவர்களில் ஏறத்தாழ 2 லட்சத்து 45 ஆயிரம் பேரே உயிரோடிருப்பதாக, இழப்பீடு கோரும் யூத அமைப்பு 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கணக்கிட்டது. எல்லோரும் முதுமையின் எல்லையில் இருப்பவர்கள். கண்டவர் வாயால் இவ்வரலாற்றைக் கேட்கும் கடைசித் தலைமுறை, இன்றைய பேரப்பிள்ளைகளே. அவர்கள் காமிராவைக் கையிலெடுத்துப் பாட்டன் பாட்டிமாரின் கதையை ஆவணப்படமாக்குவது பெரிதும் வரவேற்கத்தக்கது.

முகாமிலிருந்து மீண்ட பலர் நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. சொன்னால் உலகம் நம்புமா என்ற ஐயம் ஒருபுறம். பெற்ற பிள்ளைகளின் மனத்தில் பாரமேற்றலாகாது என்ற எண்ணம் மறுபுறம். 1961ல் ஜெருசலத்தில் நடந்த ஐக்மன் வழக்கில் நூற்றுக்கு மேற்பட்டோர் சாட்சி சொன்ன பிறகு தயக்கம் தளரத் தொடங்கிற்று. 1979ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் சிலர் வீடியோப் பதிவைத் தொடங்கினர். அது பின்னர் யேல் பல்கலைக் கழகக் காப்பகமாயிற்று. இயக்குநர் ஸ்பீல்பெர்க் 1994ல் நிறுவிய அமைப்பு ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குமூலங்களைத் திரட்டியிருக்கிறது.

எனினும் முதியவர் நினைவு பிசகாதா என்ற கேள்வி எழுகிறது. பிசகத்தான் செய்யும். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ் கைதிகள் கிளர்ந்தெழுந்ததைப் பற்றி யேல் பதிவில் பேசிய ஒரு பெண்மணி, நான்கு புகைபோக்கிகள் வெடித்ததாகச் சொன்னார். உண்மையில் ஒன்றுதான். இச்சாட்சியம் செல்லாது என்றனர் வரலாற்று ஆசிரியர்கள். தாமும் அக்கொடுமைக்குத் தப்பியவரான மனநல மருத்துவர் டோரி லாப் அதை ஏற்கவில்லை. எதிர்ப்பே இயலாத இடத்தில் எதிர்ப்பு எழுந்தது என்பதற்கே அவர் சாட்சி என்றார்.

படமெடுக்கும் பேரப்பிள்ளைகளுக்கு இதில் பாடமுண்டு. பாட்டி தவறாகச் சொன்னதை வெட்டவும் வேண்டாம். திருத்திச் சொல்லச் செய்யவும் வேண்டாம். ஆவணங்கள் சொல்வதைப் பக்கத்திலேயே வைத்தால் போதும். நடந்ததையே மறுப்போர் இருக்கும் காலத்தில், மிகையாகச் சேர்த்த ஒரு காட்சி கூட அவர்கள் கைக்கு ஆயுதமாகிவிடும். படம் ஒரு மணி நேரமாகலாம். முழுப் பதிவும் காப்பகத்துக்குப் போக வேண்டும். பேச விரும்பாததைப் பேசும்படி நெருக்குவதும் தகாது. மௌனமும் சாட்சியமே.

நமக்கும் இதில் சிந்திக்க இடமுண்டு. அதே போர்க் காலத்தில், ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா ரயில் பாதையில் மலேயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். 1942ல் பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து வந்த தமிழர் பலர். இரண்டும் யூதப் படுகொலையோடு ஒப்பிடத்தக்கவை அல்ல. ஆனால் கேட்டுப் பதிவு செய்வார் இன்றிச் சாட்சிகள் மறைந்தது இங்கும் நேர்ந்ததே. அவர்களில் ஓரிருவரேனும் நம் இல்லங்களில் இன்னும் இருக்கக் கூடும். கேட்பதற்கு நாளைவரை காத்திருக்கலாகாது.