பாரூர் ஆயக்கட்டில் குதிரைவாலிப் புல்

நெடுங்கல் அணைக்கட்டின் வழியே வந்து பாரூர்ப் பெரிய ஏரியில் தேங்கிய தென்பெண்ணை நீர், மதகுகள் திறக்கப்பட்டதும் கால்வாய்களில் இறங்கி, சுமார் 2,400 ஏக்கர் ஆயக்கட்டை நனைத்து நடவுக்கு வழி செய்யும் நாட்களில், நெல்லோடு நெல்லாக மற்றொரு பயிரும் அவ்வயல்களில் யாரும் அழைக்காமலே குடியேறிவிடுகிறது. சிறுதானியமாக நாம் வாங்கி உண்ணும் குதிரைவாலியின் இனத்தைச் சேர்ந்த காட்டுப் புல் அது. உலகின் மிகக் கொடிய களைகளை ஆராய்ந்து 1977இல் வெளிவந்த ஒரு பிரசித்தமான நூல், இவ்வினத்தின் இரண்டு புற்களுக்கு மூன்றாம், நான்காம் ஸ்தானங்களை அளித்தது. வெயிலும் உஷ்ணமும் மிகுந்த காலத்தில் நெல்லைவிட வேகமாக வளர்ந்து, பயிருக்கென இட்ட உரத்தைத் தான் உண்டு, நெல் அறுவடைக்கு வருமுன்பே தன் விதைகளை ஆயிரக்கணக்கில் மண்ணில் உதிர்த்துவிடும் அதன் சுபாவத்தை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

இளம் பருவத்தில் இதை நெல்லிலிருந்து பிரித்தறிவது எளிய காரியமன்று. இலையும் தண்டும் கூடுமிடத்தைச் சற்று விலக்கிப் பார்த்தால், நெல்லுக்கு அங்கே நாக்குப் போன்ற வெண்மையான மெல்லிய சவ்வும், இரு பக்கமும் சிறு காதுகள் போன்ற உறுப்புகளும் இருக்கும். இப்புல்லுக்கு அவை இல்லை. புத்தகம் சொல்லும் இந்த லக்ஷணத்தைப் பாராமலே, நிறத்தையும் நிற்கும் சாய்வையும் கொண்டு குனிந்த மாத்திரத்தில் புல்லைப் பற்றிப் பிடுங்குகிற பெண்களின் தேர்ச்சியைச் சாமான்யமான கூலி வேலை என்று எண்ணிவிட்டதுதான் நாம் செய்த பெருந்தவறு என்பது என் அபிப்பிராயம். சீன தேசத்து நெல் வயல்களில் வளரும் இப்புல்லைப் பற்றி 2019இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இது நெல்லின் உருவத்தை ஏற்கத் தொடங்கியது என்று தெரிவிக்கிறது. வேறாகத் தெரிந்த செடிகளையெல்லாம் மனிதர் தலைமுறை தலைமுறையாகப் பறித்தெறிந்ததால், நெல்லைப் போலவே தோன்றியவை மட்டும் தப்பிப் பிழைத்து விருத்தியடைந்தன. இவ்வளவு பழைய பகையை வெல்ல, அதற்குச் சளைக்காத கண் வேண்டும்.

அந்தக் கண் இன்று வயலில் அரிதாகி வருகிறது. ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்த காலந்தொட்டே இப்பிரதேசத்து இளைஞர்கள் ஆலைகளை நோக்கிச் சென்றார்கள். போச்சம்பள்ளியில் அமைந்த மின்சார ஸ்கூட்டர் ஆலையை முற்றிலும் பெண்களே நடத்துவார்கள் என்று 2021இல் அறிவிப்பு வந்தது. சேற்றில் நாளெல்லாம் முதுகு ஒடியக் குனிந்து நின்றவர்களின் புதல்விகள் மாதச் சம்பளமும் நிழலும் கிடைக்குமிடத்துக்குப் போவது நியாயம். அவர்களைத் திரும்ப அழைக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற இடத்தை ஒரு களைக்கொல்லிப் புட்டியால் நிரப்பிவிடலாம் என்று எண்ணுவது விபரீதம்.

அதன் விளைவைப் பஞ்சாபும் ஹரியானாவும் அனுபவித்துவிட்டன. அங்கே கோதுமை வயல்களில் ‘குல்லி டண்டா’ என்று அழைக்கப்படும் அந்நியப் புல், கதிர் வெளிவரும் வரையில் கோதுமையைப் போலவே நின்று ஏமாற்றுவது. அதற்கு ஐசோபுரோட்டூரான் என்ற ஒரே மருந்தை விவசாயிகள் வருஷந்தோறும் பிரயோகித்து வந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் அம்மருந்துக்குச் சாகாத புல் அங்கே பரவியபோது, விளையாத கோதுமையை மாட்டுத் தீவனமாக அறுத்துப் போடும் கதிக்குச் சிலர் ஆளானார்கள். பின்னர் வந்த புதிய மருந்துகளிற் சிலவற்றையும் அப்புல் நாளடைவில் வென்றது. குதிரைவாலிப் புல்லும் இவ்விஷயத்தில் பின்தங்கியதன்று. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாகாணத்து நெல் வயல்களில் புரோப்பனில் என்ற மருந்துக்கு அது அடங்க மறுத்தது 1990-லேயே உறுதிப்பட்டது.

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே மருந்தை நம்பி, ஒவ்வொருவரும் தத்தம் வயலில் மட்டும் போராடுவது வீண் என்கிறேன். ஒருவர் வயலில் உதிர்ந்த விதை வாய்க்கால் நீரில் மிதந்தும், அறுவடை இயந்திரத்தில் ஒட்டியும், கலப்பு விதைநெல்லோடு சேர்ந்தும் அடுத்தவர் வயலை அடைகிறது. நடவுக்கு முன் ஒரு முறை நீர் பாய்ச்சிப் புல்லை முளைக்கவிட்டு உழுது அழிப்பதற்கும், நட்ட முதல் வாரங்களில் வயல் காயாமல் நீர் நிறுத்துவதற்கும், முறை வைத்து மதகு திறக்கும் ஓர் ஏரியின் கீழ் எந்தத் தனி விவசாயியும் தன்னிச்சையாக ஏற்பாடு செய்துகொள்ள முடியாது. அது ஆயக்கட்டு முழுவதும் கூடித் தீர்மானிக்க வேண்டிய காரியம். பாசன நிர்வாகத்தில் விவசாயிகளுக்குப் பங்கு அளிக்கும் சட்டம் இந்த மாநிலத்தில் 2000ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருக்கிறது.

ஆகவே, அடுத்த போகத்துக்கு மதகு திறக்கும் தேதியைக் குறிக்கும்போதே, களையை முளைக்கவிட்டு அழிப்பதற்கான முதல் நீரையும் சேர்த்துக் கணக்கிடுமாறு நீர்வளத் துறையினரையும், சுத்தமான விதையையும் உருளைக் களைக்கருவிகளையும் நடவுக்கு முன்னரே ஊருக்குள் கொண்டுவந்து சேர்க்குமாறு வேளாண்மைத் துறையினரையும் கேட்டுக்கொள்கிறேன். களை பறிக்க இன்னும் வரும் மூத்த பெண்களுக்கு, அவர்களுடைய தேர்ச்சிக்குத் தக்க கூலியைப் பாரூர் விவசாயிகள் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும்.