பெரிய நிலநடுக்கம் முடிந்துவிட்டதா? வீட்டுக்குள் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2016 ஏப்ரல் 14, இரவு 9.26 மணி. ஜப்பானின் குமாமோட்டோ பகுதியை 6.5 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. 9 பேர் உயிரிழந்தனர். மக்கள் திறந்த வெளியிலும் கார்களிலும் இரவைக் கழித்தார்கள். மறுநாள், ‘பெரிய ஆட்டம் முடிஞ்சுது, இனி வர்றதெல்லாம் சின்னது தானே’ என்று சிலர் வீடு திரும்பினார்கள். ஏப்ரல் 16 அதிகாலை 1.25 மணிக்கு அதே பகுதி மீண்டும் குலுங்கியது. இம்முறை அளவு 7.3. முதல் ஆட்டத்தைத் தாங்கி நின்ற பல வீடுகள் இதில் தரைமட்டமாயின. இரண்டிலும் சேர்த்து நேரடியாக இறந்தவர்கள் 50 பேர்.

அதாவது, 14-ம் தேதி வந்தது முன்னதிர்வு. அது 16-ம் தேதிக்குப் பிறகுதான் தெரிந்தது. முன்னதிர்வு, பின்னதிர்வு என்பதெல்லாம் எல்லாம் முடிந்த பின் வைக்கும் பெயர்கள். அதனால்தான் ஜப்பான் வானிலை ஆய்வு மையம், பெரிய நிலநடுக்கம் வந்த உடனே வெளியிடும் எச்சரிக்கைகளில் ‘பின்னதிர்வு’ என்ற சொல்லையே தவிர்க்கத் தொடங்கியது. ‘இதே அளவு அதிர்வு ஒரு வாரத்துக்குள் மீண்டும் வரலாம்’ என்கிறது. இது நல்ல மாற்றம். ‘பின்’ என்று கேட்டதும் மனசு கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது அல்லவா?

நிலத்தடியில் பாறை பிளந்து நகரும்போது, ஓரிடத்து அழுத்தம் குறைந்து பக்கத்தில் ஏறும். அந்தப் பகுதிகள் புதிய நிலைக்குப் பழகும்வரை ஆட்டம் தொடரும். எத்தனை வரும் என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு என்று 1894-ல் ஜப்பானிய அறிஞர் ஒமோரி கண்டுபிடித்தார். முதல் நாள் 100 என்றால், பத்தாம் நாள் ஏறக்குறைய 10. ஆனால் குறைவது எண்ணிக்கைதான், ஒவ்வொன்றின் வலிமையும் அல்ல. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25-ல் 7.8 அளவில் நிலநடுக்கம்; 17 நாள் கழித்து, மே 12-ல் 7.3. அந்தப் பின்னதிர்வில் மட்டும் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ‘இன்னிக்கு ராத்திரி 11 மணிக்கு வரும்’ என்று வாட்ஸ்அப்பில் வருவது பொய். நேரம் குறித்துச் சொல்லும் வித்தை உலகில் யாரிடமும் இல்லை.

எனவே கேள்வி வீட்டைப் பற்றியது. பூச்சில் மெல்லிய கீறல் என்றால் பெரும்பாலும் பயமில்லை. தூணிலோ பீமிலோ வெடிப்பு, சுவரில் பெருக்கல் குறி போன்ற விரிசல், திடீரென இறுகிப்போன கதவு, சாய்ந்த தளம் — இதில் ஏதாவது இருந்தால் பொறியாளர் பார்க்கும்வரை உள்ளே போகக் கூடாது. பீரோவில் நகை இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது என்று ‘ரெண்டே நிமிஷம்’ ஓடுவதுதான் ஆபத்து. காஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். மெழுகுவத்தி வேண்டாம், டார்ச் போதும். உள்ளே இருக்கும்போது ஆடினால் படிக்கட்டை நோக்கி ஓடாமல், உறுதியான மேஜைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

‘வெளியிலேயே இருங்க’ என்று அறிவித்துவிட்டு அரசு ஒதுங்கிவிட முடியாது. கூடாரமும் கழிப்பறையும் இல்லையென்றால் விரிசல் விட்ட வீட்டுக்கே ஜனங்கள் திரும்புவார்கள். ஜப்பானில் கட்டடங்களைச் சோதித்து சிவப்பு, மஞ்சள், பச்சைத் தாள் ஒட்டுகிறார்கள். எந்த வீட்டுக்குள் போகலாம் என்பது வாசலிலேயே தெரியும். அங்கும்கூட, குமாமோட்டோவில் முகாம் வாழ்க்கையின் அலைச்சலிலும் நோயிலும் பின்னர் இறந்தவர்கள் 200-க்கு மேல்; பலர் முதியவர்கள். காரிலேயே நாள்கணக்கில் உட்கார்ந்து தூங்கியதால் காலில் ரத்தம் உறைந்தவர்களும் உண்டு. அப்படித் தங்க நேர்ந்தால் அடிக்கடி இறங்கி நடக்க வேண்டும். கழிப்பறைக்குப் போகத் தயங்கித் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது.